சவலைப் பிள்ளை

தமிழில் "சவலை" என்றொரு சொல் உண்டு. தாய் மீண்டும் கருவுற்றமையால் பால் மறக்கப்பட்டு மெலிந்துபோன பிள்ளையையே நம் முன்னோர் சவலைப் பிள்ளை என்றனர். அது கைக்குழந்தையும் அன்று. பள்ளிப் பிள்ளையும் அன்று. தவழ்தலை விட்டுத் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய, ஒன்றரை அல்லது இரண்டு வயதுப் பிள்ளை. தாயின் மடியில் புதியதொரு குழந்தை வந்துவிட்டது. அடுக்களையிலோ பெரியோருக்குச் சமைத்த சோறும் உறைப்புக் கறியுமே உள்ளன. இடையில் அகப்பட்டுத் தேயும் அவ்வுயிருக்குத் தனிப்பெயர் இட்ட சமுதாயம், அத்துன்பத்தை நெடுங்காலம் கண்டிருத்தல் வேண்டும்.

இத்துன்பம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஜமேக்காவிற் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், இன்று கானா எனப்படும் நாட்டிற் பணியாற்றுங்கால், உடல் வீங்கி, தோல் உரிந்து, நடைபழகும் பருவத்திலேயே மடிந்த பிள்ளைகளைக் கண்டார். 1933ஆம் ஆண்டில் அந்நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். 1935ஆம் ஆண்டில் அதற்கு அவர் வழங்கிய பெயர் "குவாஷியோர்க்கர்" என்பது. அந்நாட்டு மக்களின் மொழியில், அடுத்த குழந்தை பிறக்கும்போது முன்னைய பிள்ளையைப் பற்றும் நோய் என்பதே அதன் கருத்து. கடல் பல கடந்த இரு மக்கட் கூட்டத்தார் ஒரே உண்மையை வெவ்வேறு சொல்லிற் பொதிந்து வைத்தமை வியப்புக்குரியது.

பெயரிட்டால் மட்டும் பிள்ளை பிழைப்பதில்லை. இலங்கையில் அப்பிள்ளையைத் தேடி அரசு வீட்டு வாயிலுக்குச் சென்ற வரலாறு 1926ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டில் றொக்பெல்லர் தாபனத்தின் துணையுடன் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. நோயாளி வரட்டும் என்று காத்திருப்பது வைத்தியசாலையின் முறை. நோய் வருமுன் வீட்டுக்குச் செல்வது சுகாதாரப் பகுதியின் முறை. ஒரு வைத்திய அதிகாரியின்கீழ்ச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றையும் மலசலகூடத்தையும் கவனித்தார். மருத்துவமாது கருவுற்ற பெண்ணைக் கண்டு, பிள்ளைப்பேற்றுக்குத் துணைநின்று, பிறந்த பிள்ளையைப் பின்தொடர்ந்து பார்த்தாள். ஏறத்தாழ 3,000 மக்களுக்கு ஒரு மருத்துவமாது என்பது பின்னாளில் வகுக்கப்பட்ட அளவு.

இம்முயற்சி நாடெங்கும் பரவுமுன் பெருங்கேடு ஒன்று வந்தது. 1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1935ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. நான்கில் ஒன்றுக்கும் மேல்! அதன்பின் கிராம வைத்தியசாலைகளும் சுகாதாரப் பகுதிகளும் பெருகின. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்து பங்கீட்டு அரிசி கிடைத்தது. 1945ஆம் ஆண்டில் கல்வி இலவசமாயிற்று. 1946ஆம் ஆண்டில் டி.டி.ரி. மருந்து பரவலாகத் தெளிக்கப்பட்டது. 1946இல் 141 ஆயிருந்த சிசு மரணவீதம் மறு ஆண்டிலேயே 101 ஆகக் குறைந்தது. இக்காலத்தில் அது பத்துக்கும் கீழாகும். மருந்தா, உணவா, கல்வியா காரணம் என்று அறிஞர் வாதிடுவர். எழுதப் படிக்கத் தெரிந்த தாயும் அவள் வீட்டுப் படலையைத் திறந்து வந்த மருத்துவமாதும் இல்லையேல், அம்மூன்றும் பிள்ளையின் வாயிலில் வந்து சேர்ந்திரா என்பதே என் துணிபு.

எனினும், உயிர் பிழைத்தல் வேறு, வளர்தல் வேறு. சவலைப் பிள்ளை ஒரு நாளில் இறப்பதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. அக்குறைவைத் தாயின் கண் அறியுமுன் தராசு அறியும். மாதந்தோறும் பிள்ளையை நிறுத்து, அதற்குரிய பதிவேட்டிற் புள்ளியிட்டு, கோடு ஏறுகிறதா, கிடையாகச் செல்கிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பது இதன்பொருட்டே. எடை குறைந்த பிள்ளைக்கும் கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் வழங்குதற்கென 1973ஆம் ஆண்டில் திரிபோஷா தோன்றிற்று. சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த சத்துணவு அது. 1978ஆம் ஆண்டில் விரிவாக்கிய தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று.

இவ்வரலாற்றை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பகுதியில், நெல்வயல் சூழ்ந்த ஊர் கிளிவெட்டி. ஆறுகளின் மேற் பாலங்கள் அமையுமுன், இப்பகுதி மக்கள் திருகோணமலைப் பெரிய வைத்தியசாலையை அடையத் தோணித்துறை பல கடத்தல் வேண்டும். அன்றேல் மூதூரிலிருந்து குடாவைப் படகிற் கடத்தல் வேண்டும். இத்தகைய இடத்தில் நோய் முற்றியபின் ஓடுவதிலும், முற்றுமுன் வீட்டுக்கு வரும் மருத்துவமாதே பெருந்துணை. 2006ஆம் ஆண்டுப் போரிற் சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007 முதல் அவர்களுட் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் வாழ்ந்தனர். சம்பூரில் மீள்குடியேற்றம் 2015ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. வயலும் கடலும் கைவிட்டுப்போக, நிவாரணத்தையும் கூலியையும் நம்பிய குடும்பங்கள் அவை. முகாமிற் பிறந்த பிள்ளை முகாமிலேயே நடைபழகி, முகாமிலிருந்தே பள்ளிக்கும் சென்றது. காணி ஒன்பதாண்டு கழித்துத் திரும்பக் கிடைக்கலாம். இரண்டாம் வயது திரும்பக் கிடைப்பதில்லை.

சிசிலி வில்லியம்ஸ் பிறந்த அதே ஜமேக்காவில் 1986ஆம் ஆண்டளவில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. வளர்ச்சி குன்றிய சிறு பிள்ளைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணிப்பெண்கள் வாரந்தோறும் ஈராண்டு சென்றனர். எளிய பொருள்களைக் கொண்டு பிள்ளையுடன் விளையாடவும் பேசவும் தாய்க்குப் பழக்கினர். இருபது ஆண்டின்பின், அப்பிள்ளைகள் அவ்வுதவி பெறாத பிள்ளைகளிலும் நான்கில் ஒரு பங்கு மிகுதியாகப் பொருளீட்டியமை கண்டறியப்பட்டது. சோற்றோடு சொல்லும் ஊட்டப்படல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஐந்து வயதில் எம் வகுப்பறைக்கு வரும் பிள்ளை வெறுங்கையுடன் வருவதில்லை. அவ்வைந்து ஆண்டின் கணக்கையும் உடன்கொண்டு வருகிறது. மந்தம் என்று நாம் குறிக்கும் பிள்ளைகளுட் சில, பழைய பசியின் கடனை இன்னும் இறுத்துக்கொண்டிருப்பன. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் திரிபோஷா வழங்கல் தடைப்பட்டபோது, அக்கடன் மீண்டும் ஏறிற்று.

ஆதலின் நேயர்களே, வீட்டில் நாம் செய்யத்தக்கவை சில உள. இரண்டு வயது நிறையும்வரையும் அதற்கு அப்பாலும் தாய்ப்பால் தொடரலாம். ஆறு மாதம் நிறைந்ததும் குழைத்த சோற்றுடன் பருப்பு, மீன், முட்டை, கீரை என்பவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குக. வயிற்றோட்டம் கண்ட பிள்ளையைப் பட்டினி போடற்க. ஜீவனி நீரும் உணவும் கொடுக்க. நிறுவை நாளைத் தவறவிடற்க. பிள்ளையை இடுப்பிற் சுமந்து செல்வது தாயின் கடன் மட்டுமன்று. தந்தையும் பேரனும் பேர்த்தியும் அதிற் பங்குகொள்ளலாம். சவலை என்னும் சொல் நம் அகராதியில் இருக்கட்டும். நம் முற்றத்தில் அதற்கு இடம் இல்லையாகுக.