கண்ணாடி மாளிகையிலிருந்து காஞ்சித் தறிக்கு

காஞ்சிபுரத்துக்காரன் பட்டைப் பத்தி எழுதினா, "எந்தக் கடையில நல்ல சேலை கிடைக்கும்?"னுதான் முதல் கேள்வி வரும். இது அந்தப் பதிவு இல்லை மக்களே :) 'விஸ்வகர்மா'ன்னு ஒரு கண்காட்சி வரிசை, 1981-லேர்ந்து 1991 வரைக்கும் நடந்தது. அதோட கதை இது. அதுக்கு முதல்ல நூத்தி முப்பது வருஷம் பின்னாடி போகணும்.

1851, லண்டன் ஹைடு பார்க். ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைச்ச இரும்பு, கண்ணாடி மாளிகையில் உலகப் பொருட்காட்சி. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியத் துணிகளைக் கொண்டுபோய் அடுக்கினது. ஓவன் ஜோன்ஸ் மாதிரியான வடிவமைப்பு வல்லுநர்கள் அதைப் பார்த்து அசந்துட்டாங்க. அங்கே வாங்கின இந்தியப் பொருட்கள், பிற்பாடு விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமா வளர்ந்த சேகரிப்புக்குள்ள போச்சு.

அசந்தவங்க சும்மா இருப்பாங்களா? 1866-ல ஃபோர்ப்ஸ் வாட்சன்னு ஒருத்தர் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகள் தயாரிச்சார். மொத்தம் 700 மாதிரித் துண்டுகள். அப்படி 20 செட். அதுல 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. நோக்கத்தை அவங்க ஒளிக்கவே இல்லை. இந்தியச் சந்தைக்கு என்ன வேணும்னு பிரிட்டிஷ் ஆலைக்காரங்க பார்த்துத் தெரிஞ்சுக்கணும், அதே மாதிரி நெஞ்சு இங்கேயே விக்கணும். அவ்வளவுதான். துணிக்குப் பாராட்டு கிடைச்சது. நெய்தவனுக்குப் போட்டிதான் கிடைச்சது.

சுதந்திரத்துக்கு அப்புறம் காத்து கொஞ்சம் திசை மாறினது. 1955-ல நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துல இந்தியத் துணிகளுக்கும் அணிகலன்களுக்கும் பெரிய கண்காட்சி நடந்தது. அடுத்த வருஷமே, 1956-ல, புபுல் ஜெயகர் முயற்சியில நெசவாளர் சேவை மையங்கள் ஆரம்பிச்சாங்க. ஓவியர்களையும் நெசவாளிகளையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டுவந்த இடம் அது. நம்ம சிறுபத்திரிகை அட்டைகள்ல கோடு கோடா வரைஞ்சாரே ஓவியர் ஆதிமூலம், அவரும் இந்த மையத்துல வேலை பார்த்தவர்தான். காஞ்சியிலும் ஒரு மையம் உண்டு.

இந்த மையங்களை வெச்சுத்தான் மார்த்தாண்ட் சிங் 'விஸ்வகர்மா'வை நடத்தினார். மியூசியங்கள்ல, சேகரிப்புகள்ல இருக்கிற பழைய துணிகளைத் தேடிப் படிக்கிறது, தேர்ந்த நெசவாளிங்க, அச்சுக்காரங்க கையால அந்த வேலைப்பாட்டை மறுபடி செய்ய வைக்கிறது, அதைக் காட்சிக்கு வைக்கிறது. 1982-ல லண்டன்ல நடந்த இந்தியத் திருவிழாவுக்கும் இது போச்சு. தொடர்ந்து மத்த நாடுகளுக்கும்.

ஒரு வித்தியாசம் பாருங்க. அதே லண்டன்தான். 1851-ல துணியைப் பார்த்து அங்கே இருக்கறவங்க கத்துக்கிட்டாங்க. 1982 கண்காட்சிக்காக நம்ம நெசவாளியே தன் பாட்டன் வேலையைத் திரும்பக் கத்துக்கிட்டார். என்னைப் பொறுத்தவரைக்கும் ஒரு கண்காட்சி நல்லதா இல்லையான்னு சொல்ல இந்த ஒரு கேள்வி போதும்: அதனால யார் கத்துக்கறாங்க?

காஞ்சிக்கு இது ஏன் முக்கியம்? இங்கே கோர்வைன்னு ஒரு முறை இருக்கு. உடல் ஒரு கலர், ரெண்டு கரையும் வேற கலர். மூணு நாடா ஓடணும். தறியில ஒருத்தர் உட்கார்ந்தா பத்தாது, பக்கத்துல துணைக்கு இன்னொரு ஆள் வேணும். முந்தி வேற கலர்னா பேட்னி போடணும், அதாவது பாவு இழையையே ஒவ்வொண்ணா மாத்திப் பிணைக்கணும். இதையெல்லாம் புஸ்தகம் படிச்சுக் கத்துக்க முடியாது. ஒரு கை இன்னொரு கைக்குச் சொல்லிக் கொடுக்கணும். அந்தத் துணை ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். அவன் ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ் ஏறிட்டான். அவனைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. மாசச் சம்பளம் நிச்சயமில்லையா?

சட்டம் இருக்கு. 1985-ல கைத்தறிக்குன்னு சில ரகங்களை ஒதுக்கினாங்க. 2005-ல காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்தது. ஆனாலும் விசைத்தறி நகல், 'காஞ்சிப் பட்டு'ங்கிற பேர்லயே விக்குது. வாட்சன் வேலையை இப்ப நாமளே செஞ்சுக்கறோம், வேறென்ன சொல்ல!

விஸ்வகர்மா துணிகள் 2025 தொடக்கத்துல தில்லி கைவினை அருங்காட்சியகத்துல மறுபடி காட்சிக்கு இருந்தது. சந்தோஷம். அந்தச் சேகரிப்பு ஒரு தடவை பிள்ளையார்பாளையத்துக்கும் வரணும்னு எனக்கு ஆசை. கண்ணாடிக்குப் பின்னாடி இல்லை. ஒரு தறிக்காரர் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் இழை எப்படிப் போயிருக்குன்னு தன் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி.

உங்க வீட்டுல பழைய கோர்வைச் சேலை இருந்தா, உள்பக்கத்தைத் திருப்பிக் கரை சேருற இடத்தைப் பாருங்க. ரெண்டு பேர் உழைப்பு அங்கே தெரியும்.