பெர்மாவை இடறிய எண்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து வைத்துச் செல்லும் கதையை நம் மாணவர் அறிவர். பலகையின் பாதியாகிய 32 கட்டங்களும் நிரம்பும்போது நெல்மணிகள் 4,294,967,295 ஆகும். அதனோடு இரண்டைக் கூட்டினால் 4,294,967,297. எண்ணியல் வரலாற்றில் பேரறிஞர் ஒருவரை இடறச் செய்த எண் இது.

பிரான்சு நாட்டின் துலூசு நகர முறைமன்றத்தில் பணியாற்றியவர் பெர்மா. கணிதம் அவருக்குத் தொழிலன்று, ஓய்வுநேர இன்பம். 2ஐ 1, 2, 4, 8, 16 என்னும் அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்றைக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65,537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்கள். அடுத்த அடுக்காகிய 32 தருவதே நம் எண். இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே எனத் தாம் நம்புவதாக 1640இல் பெர்மா கடிதம் எழுதினார். தக்க நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் மறைத்தாரில்லை. நான்கு எடுத்துக்காட்டுகள் பொருந்தியவுடன் விதி கண்டுவிட்டதாகக் கையுயர்த்தும் மாணவனை நாம் கடிந்துகொள்கிறோம். இனிச் சற்றே பொறுமை காட்டலாம்.

1729இல் கோல்டுபாக் இக்கூற்றைப் பற்றி இளைஞரான ஆய்லருக்கு எழுதினார். செயின்ட் பீட்டர்சுபர்க் நகரிலிருந்த ஆய்லர், 1732இல் விடை கண்டார்: அவ்வெண் 641ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 6,700,417.

65,536க்கு உட்பட்ட பகா எண்கள் 6,542. அவற்றை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது எவரையும் களைப்பிக்கும். ஆயின் ஆய்லர் பின்னர் விளக்கிய வழி வேறு. இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 64இன் மடங்காதல் வேண்டும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனத் தொடர்கின்றன. ஐந்தாம் முயற்சியிலேயே விடை! இவ்வழிக்கு அடிப்படையான தேற்றமோ பெர்மாவே அதே 1640இல் கண்டறிந்தது. தம் கையிலிருந்த திறவுகோலை அவர் இப்பூட்டில் இட்டுப் பார்க்கவில்லை போலும். இதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே மிகுகின்றது.

நெடிய வகுத்தல் இன்றியும் இதனைக் கரும்பலகையில் மெய்ப்பிக்கலாம். 640 என்பது 5ஐயும் 2இன் 7ஆம் அடுக்கையும் பெருக்கி வருவது. எனவே 640இன் 4ஆம் அடுக்கு, 625ஐ 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்கியதற்குச் சமம். 2இன் 32ஆம் அடுக்கோ 16ஐ அதே 28ஆம் அடுக்கால் பெருக்கியது. 625உம் 16உம் சேர்ந்தால் 641. ஆகவே இவ்விரண்டின் கூட்டுத்தொகை 641ஆல் வகுபடும். 640இன் 4ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதும் 641ஆல் வகுபடும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் எஞ்சுவது 2இன் 32ஆம் அடுக்கும் ஒன்றும். அதாவது நம் எண்.

பெர்மாவின் வரிசை இதனால் மதிப்பிழக்கவில்லை. 17 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என 1796இல் காஸ் கண்டபோது, இவ்வரிசையின் பகா எண்களே அதற்கு அடிப்படையாயின. வரிசையின் முதல் எண்ணாகிய 3ஐச் சுழியாம் எண் எனக் கொண்டால், ஐந்தாவது முதல் 32ஆவது வரை அனைத்தும் பகு எண்கள் என்பது இன்று தெளிவு. 65,537க்கு அப்பால் இவ்வரிசையில் பகா எண் ஒன்றையேனும் இதுவரை எவரும் கண்டிலர்.