திருத்த இரும்பு: முடுக்கிகளின் நிலைக்காந்த அணிகளில் துல்லியம் எங்கிருந்து வருகிறது?

துகள் முடுக்கிகளுக்கு நிலைக்காந்த அணிகளை வடிவமைப்போர் பெரும்பாலும் காந்தப் பொருளின் வலிமையிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாஸ் ஹால்பாக் 1980இல் வெளியிட்ட கட்டுரையில், காந்தத் துண்டுகளை வளையமாக அடுக்கி ஒவ்வொன்றின் காந்தத் திசையையும் படிப்படியாகத் திருப்பி வைத்தால், இரும்பு முனைகளும் மின்சுருளும் இன்றியே உள்ளே தூய பன்முனைப் புலம் கிடைக்கும் என்று காட்டினார். 16 துண்டுகளால் ஆன நான்முனைக் காந்தமே, துண்டுபடாத இலட்சிய வளையம் தரும் புலத்தில் ஏறத்தாழ 94 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. கணக்கு இவ்வளவு ஒழுங்காக அமைந்ததால், எஞ்சிய சிக்கலெல்லாம் துண்டுகளின் தரத்தைப் பொறுத்தது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. இதை நான் மறுக்கிறேன். முடுக்கி கேட்கும் துல்லியத்தைத் தருபவை, காந்தத்தின் அருகே வைக்கப்படும் மலிவான இரும்பும், அதை எவ்வளவு, எங்கே வைப்பது என்று சொல்லும் அளவீடும்தான்.

கார்னெல் பல்கலைக்கழகமும் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகமும் சேர்ந்து கட்டிய சிபீட்டா முடுக்கி இதற்குத் தெளிவான சான்று. அதில் 42, 78, 114, 150 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற நான்கு ஆற்றல்களில் செல்லும் எலக்ட்ரான் கற்றைகள் ஒரே திரும்புபாதையில், ஒரே நிலைக்காந்த வரிசைக்குள் ஓடின. வெவ்வேறு ஆற்றலுடைய கற்றைகள் காந்தத் துளையின் வெவ்வேறு இடங்களில் செல்வதால், நடுவில் மட்டும் புலம் சரியாக இருந்தால் போதாது. துளையின் அகலம் முழுவதும் பிழை பத்தாயிரத்தில் சில பங்குக்குள் அடங்க வேண்டும். கடையில் கிடைக்கும் நியோடிமியத் துண்டுகளின் வலிமையோ ஒரு விழுக்காடு அளவுக்கு ஏறி இறங்கும். காந்தத் திசையும் சற்றுப் பிசகும். வடிவமைப்பாளர்கள் அந்தத் துண்டுகளையே கொண்டு வளையத்தைக் கட்டி, சுழல்சுருளால் புலத்தை அளந்து, பிழையை ஈடுசெய்யத் தேவையான இரும்புக் கம்பிகளின் நீளங்களைக் கணக்கிட்டார்கள். முப்பரிமாண அச்சில் உருவாக்கிய பிளாஸ்டிக் தாங்கியில் அக்கம்பிகளைச் செருகித் துளைக்குள் பொருத்தி, மீண்டும் அளந்தார்கள். வேண்டிய துல்லியம் இவ்வாறே கிடைத்தது.

இரும்பே இல்லாததுதானே ஹால்பாக் முறையின் பலம், அதைத் திரும்பக் கொண்டுவந்தால் புலங்களை எளிதாகக் கூட்டிக் கணக்கிடும் வசதி போய்விடாதா என்று கேட்கலாம். தடித்த முனைகளுக்கு இக்கேள்வி பொருந்தும். மெல்லிய கம்பிகள் ஒன்றையொன்று பாதிப்பது சொற்பம். எஞ்சும் பிழையை இரண்டாம் சுற்று அளவீடு பிடித்துவிடும். துண்டுகளைத் தனித்தனியே அளந்து, பிழைகள் ஒன்றையொன்று அழிக்கும்படி வரிசைப்படுத்தும் பழைய வழக்கம் போதாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. அது பயனுள்ள முறைதான். ஆனால் பசையின் தடிப்பும் சட்டகத்தின் கோணலும் அந்தக் கணக்கில் வருவதில்லை. முழு வளையத்தையும் அளப்பவர், பிழை எதனால் வந்தது என்று அறியாமலேயே அதைத் திருத்திவிடலாம்.

வெப்பநிலையிலும் இரும்பின் பங்கு இப்படியே. ஃபெர்மி ஆய்வகத்தில் 3.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ரீசைக்ளர் வளையம் ஸ்ட்ரான்ஷியம் ஃபெரைட்டால் இயங்குகிறது. வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் ஃபெரைட்டின் வலிமை 0.2 விழுக்காடு குறையும். அதன் பக்கத்தில் நிக்கல்–இரும்புக் கலவைப் பட்டைகளை வைத்தார்கள். குளிரில் அவை காந்தப் பாயத்தில் ஒரு பகுதியைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். சூடேறினால் அந்த இழுப்பு தளரும். காந்தம் இழப்பதைப் பட்டை விட்டுக்கொடுப்பதால் கற்றை காணும் புலம் மாறுவதில்லை. வலிமை குறைந்த ஒரு மலிவான பொருளால் இத்தனை பெரிய வளையத்தை நிலைநிறுத்த முடிந்தது இதனால்தான். நிலைக்காந்தத்தை இயக்கத்தின்போது சரிசெய்ய முடியாது என்ற குறைக்கும் சிபீட்டாவில் விடை இருக்கிறது: ஹால்பாக் வளையம் வெளிப்புலத்தை ஏறக்குறைய தடையின்றி உள்ளே விடுவதால், அதைச் சுற்றிச் சிறிய திருத்த மின்காந்தங்களை வைக்க முடிந்தது.

கம்பிகளுக்கு உண்மையில் கொடுக்க வேண்டிய விலை இடம். உள்ளாரம் 40, வெளியாரம் 80 மில்லிமீட்டர் உள்ள நான்முனைக் காந்தத்தை எடுத்துக்கொள்வோம். தாங்கிக்காக உள்ளாரத்தை 3 மில்லிமீட்டர் கூட்டி, புலத்தின் சரிவு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமானால், வெளியாரம் ஏறத்தாழ 93 ஆக வேண்டும். காந்தப் பொருள் 40 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். இதை மறைப்பது நேர்மையாகாது. துளை சில மில்லிமீட்டரே இருந்து உச்ச வலிமையும் வேண்டிய இடங்களில் என் வாதம் செல்லாது. அங்கே துண்டுகளின் தரத்தையே நம்ப வேண்டும். துளை அகலமாகவும் வேண்டிய சரிவு மிதமாகவும் இருக்கும் வளையங்களில் மட்டுமே கூடுதல் பொருளின் செலவைத் தாங்கலாம்.

கதிர்வீச்சு மற்றோர் எல்லை. கற்றையிலிருந்து சிதறும் துகள்கள் காந்தத்தை இடத்துக்கு இடம் வேறுபட்ட அளவில் வலுவிழக்கச் செய்யும். நேற்று அளந்து வெட்டிய கம்பி நாளைய பிழைக்குப் பொருந்தாது. கிரனோபிளில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் புதுப்பிக்கப்பட்டு 2020இல் மீண்டும் திறந்தபோது, அதன் 128 நிலைக்காந்த இருமுனைகளுக்கு, நியோடிமியத்தைவிட வலிமை குறைந்தாலும் கதிர்வீச்சைத் தாங்கும் சமாரியம்–கோபால்ட்டையே தேர்ந்தார்கள். வெப்பத்தை ஈடுசெய்ய அங்கும் நிக்கல்–இரும்புதான். ஆகவே கொள்முதல் ஆவணத்தில் கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் காந்தநீக்கத்தைத் தாங்கும் திறன். ஒரு விழுக்காட்டு ஏற்றத்தாழ்வைக் களையச் சொல்லிக் கொடுக்கும் பணத்தைச் சுழல்சுருளுக்கும் கம்பித் தாங்கிக்கும் ஒதுக்கலாம்.