வீடு வாங்கி விற்றல் (திருப்பூர் வட்டாரம்)

பழைய வீட்டை விலைக்கு வாங்கி, செப்பனிட்டு, சில மாதங்களுக்குள் கூடுதல் விலைக்குக் கைமாற்றி ஆதாயம் காணும் தொழில் பேச்சுவழக்கில் ‘வாங்கி விற்பது’ எனப்படுகிறது. அமெரிக்காவில் 2000களின் நடுவில் எளிதாகக் கிடைத்த வீட்டுக்கடனை நம்பிப் பெருகிய இத்தொழில், அடுத்து வந்த கடன் நெருக்கடியில் பலரை விற்க முடியாத வீடுகளோடு நிறுத்தியது. திருப்பூரில் இது பெரும்பாலும் தனித்தொழிலாக இல்லாமல், தரகர், கட்டட ஒப்பந்ததாரர், பனியன் தொழிலில் மிஞ்சிய பணத்தை மனையிலும் வீட்டிலும் போடுவோர் ஆகியோரின் உபதொழிலாக நடைபெறுகிறது.

2008இல் மாநகராட்சியாகவும் 2009இல் தனி மாவட்டத் தலைநகராகவும் உயர்ந்த இந்நகரில் வீட்டின் விலையை வாடகை நிர்ணயிக்கிறது. வாடகையை ஏற்றுமதி ஆர்டர் நிர்ணயிக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் வரும் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளை, அதாவது ஒரே காம்பவுண்டுக்குள் ஓரறை, ஈரறையாக வரிசையில் கட்டப்பட்டவற்றை, வாங்க வருபவர் சுவரைப் பார்ப்பதற்கு முன் மாத வாடகையைக் கூட்டிப் பார்க்கிறார். ஆகவே, ஆள் நிறைந்த லைன் வீடு பூச்சு உதிர்ந்திருந்தாலும் விலைபோகிறது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதும், 2020 ஊரடங்கின்போதும் தொழிலாளர் பலர் சொந்த ஊர் திரும்பியதை நோக்கினால், இவ்வூரில் வீட்டைக் கையில் வைத்துக் காத்திருப்பது எத்துணை இடர் மிகுந்தது என்பது விளங்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காட்டுக்கு உயர்த்தியபோது இவ்வூர் ஏற்றுமதியாளர்களிடையே எழுந்த கலக்கமும் இவ்வகையிலேயே வீட்டுச் சந்தைக்குரியது.

வீட்டைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் கேட்கப்படுவது தண்ணீர். நொய்யல் ஆற்றில் நெடுங்காலம் கலந்த சாயக்கழிவால் நிலத்தடி நீர் உவர்ப்பேறிய பகுதிகளில், ஆழ்துளைக் கிணறு இருப்பது மட்டும் வீட்டுக்குச் சிறப்பாகாது; மாநகராட்சிக் குடிநீர் இணைப்பும், அந்நீரைத் தேக்கிவைக்கத் தரைத்தொட்டியும் இருந்தால்தான் குடும்பத்தோடு வருவோர் விலை பேசுகின்றனர். உவர்நீரில் கலவை போட்ட கான்கிரீட்டில் கம்பி விரைவில் துருப்பிடிப்பதால், கூரைத் தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பி செல்லும் வழியே நேர்கோடாக வெடிப்பும் பழுப்புக் கறையும் தென்படுகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். அவ்விடத்தைப் பூசி மறைத்து வண்ணம் அடிப்பது மலிவு என்றாலும், ஒரு மழைக்காலத்துக்குள் அது வெளிப்பட்டுவிடும். புதிய டைல்ஸ், பொய்க்கூரை போன்ற பகட்டு வேலைகளைவிடக் கசிவை நிறுத்துவதும், தனிக் கழிப்பறை கட்டுவதும், பவர் டேபிள் எனப்படும் தையல் வேலைக்கு இடம் விடத்தக்க வீடாயின் மும்முனை மின் இணைப்புப் பெறுவதும் இவ்வட்டாரத்தில் போட்ட பணத்தை மீட்டுத்தருவன.

ஆயினும் இத்தொழிலில் பெரிய ஆதாயம் கொத்தனாரின் கரண்டியைவிடப் பத்திரக்கட்டிலிருந்தே வருகிறது எனலாம். சிக்கலுள்ள வீடு குறைந்த விலைக்குக் கிடைக்கும். சிக்கலைத் தீர்த்தவர் அந்த வேறுபாட்டை அடைகிறார். சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை ஆகியவற்றைக் காலவரிசையில் காட்டும் வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கம். ஆனால் பதிவு செய்யாத உயிலும் வாய்மொழிப் பாகமும் விடுபட்ட வாரிசும் அதில் இடம்பெறுவதில்லை. பூர்விகச் சொத்தில் மகள்களுக்குச் சமபங்கை, சில வரம்புகளுடன், தமிழ்நாடு 1989இலும், நாடு முழுமைக்கும் நாடாளுமன்றம் 2005இலும் சட்டமாக்கிய பின்னரும், சகோதரிகளின் கையெழுத்தின்றிச் சகோதரர்கள் மட்டும் எழுதிக்கொடுத்த கிரயங்கள் கொங்கு வட்டாரத்திலும் உண்டு. அத்தகைய வீட்டுக்கு விடுபட்ட பங்குதாரரிடம் விடுதலைப் பத்திரம், அதாவது தம் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம், பெற்றுப் பதிவு செய்து, பட்டாவையும் மாற்றிவிட்டால், சுவரைத் தொடாமலேயே மதிப்பு உயர்ந்துவிடும். வங்கிக் கடன் கிடைக்காத வீடு கடன் கிடைக்கும் வீடாகிவிடுவதே காரணம். அங்கீகாரமற்ற மனைப்பிரிவில் நிற்கும் வீட்டுக்கு 2017இல் வந்த வரன்முறைத் திட்டத்தின்கீழ் மனை வரன்முறை செய்யப்பட்டுள்ளதா என்பதும் இதே நோக்கில் பார்க்கத்தக்கது.

செலவுக் கணக்கில் புதியவர் பெரும்பாலும் தவறவிடுவது பதிவுச் செலவாகும். 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் செலுத்தவேண்டியிருப்பதால், 40 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வீட்டுக்கு 3.60 லட்சம் அதிலேயே போய்விடுகிறது. 5 லட்சத்துக்குச் செப்பனிட்டால் தரகும் வட்டியும் நீங்கலாகவே அடக்கம் 48.60 லட்சம் ஆகும். அதனை 52 லட்சத்துக்கு விற்கையில் அடுத்து வாங்குபவரும் 4.68 லட்சம் கட்டவேண்டியிருப்பதால், அவர் மனத்தில் அவ்வீட்டின் விலை 56.68 லட்சமாகவே நிற்கிறது. வாங்கி 24 மாதங்களுக்குள் விற்றால் ஆதாயம் பிற வருமானத்தோடு சேர்ந்து அதற்குரிய விகிதத்தில் வரிக்கு உட்படுகிறது. அதற்குப் பின் 12.5 விழுக்காடு. திரும்பத் திரும்ப இதையே செய்பவரின் ஆதாயம் வணிக வருமானமாகக் கொள்ளப்படக்கூடும் என்பதால் இந்தச் சலுகை விகிதத்தையும் அவர் நம்பியிருக்க இயலாது. முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கு அதே அளவு தொகை தண்டமாக விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்த ஒன்பது விழுக்காட்டைத் தவிர்க்கும் பொருட்டே ‘அக்ரிமென்ட் போட்டுக் கைமாற்றுதல்’ என்னும் முறை தோன்றியிருக்கிறது. உரிமையாளரிடம் முன்பணம் கொடுத்துச் சில மாதத் தவணையில் கிரய ஒப்பந்தம் செய்துகொண்டு, தவணை முடிவதற்குள் மூன்றாம் ஆளைப் பிடித்து, உரிமையாளரே அவருக்கு நேரடியாகக் கிரயம் எழுதித்தரச் செய்து, விலை வேறுபாட்டை இடையிலிருப்பவர் எடுத்துக்கொள்கிறார். ஆள் கிடைக்காவிட்டால் முன்பணம் பறிபோகும். கிரயம் செய்யாமல் பொது அதிகார ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொத்து தமதாகிவிட்டதாகக் கருதுவோருக்கு, அது உரிமை மாற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயமாகும். அவ்வாறு பதிவானது வில்லங்கச் சான்றில் ஏறிவிடுவதால், தவணை கடந்த பின்னும் இரு தரப்பும் ரத்து ஆவணத்தில் கையெழுத்திடும்வரை உரிமையாளராலும் வேறொருவருக்கு எளிதில் விற்க முடிவதில்லை.