மண்ணுக்குள் கிடந்த 731

2021இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் கல்லூரி வளாகத்தில் கட்டடப் பணி தொடங்கும் முன் தொல்லியலாளர்கள் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். பழைய வீடுகள் இருந்த இடம் அது. சமையல்கட்டு இருந்த பகுதியில் ஒரு செம்புத் தகடு கிடைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். அதில் பொறித்திருந்தவை நான்கு: சார்ல்ஸ்டன், 731, வேலையாள், 1853.

இது நாணயமில்லை, பூட்டுச் சாவியில் கோத்த சீட்டுமில்லை. அடிமையாக வைக்கப்பட்ட ஒரு மனிதர் உடம்பில் அணிய வேண்டியிருந்த வில்லை.

இப்படி ஒரு பொருளை எப்படி அடையாளம் காண்பது? அதில் உள்ள ஒவ்வொரு குறியும் ஒரு சாட்சி. துளை, அது ஆடையில் தைக்கவோ கயிற்றில் தொங்கவிடவோ செய்யப்பட்டது என்கிறது. ஊர்ப் பெயர், நகர நிர்வாகம் கொடுத்தது என்கிறது. ஆண்டு, அது ஒரே ஆண்டுதான் செல்லும் என்கிறது. எண், நகரக் கருவூலத்தில் கணக்கு இருந்தது என்கிறது. சில வில்லைகளின் பின்புறம் லாஃபார் என்ற முத்திரை இருக்கும். அது செய்துகொடுத்த வெள்ளிப் பட்டறைக்காரரின் பெயர். ஆண்டு முடிந்தால் வில்லை செல்லாது. அதனால்தான் பழைய வீடுகளின் கொல்லைப்புறத்திலும் குப்பைக் குழிகளிலும் இவை கிடைக்கின்றன.

சார்ல்ஸ்டனில் இதற்கான முதல் சட்டம் 1783இல் வந்தது. இடையில் சில காலம் கைவிடப்பட்டு, 1800இல் மீண்டும் வந்து, உள்நாட்டுப் போரின் முடிவு வரை நீடித்தது. அடிமையை வெளியாரிடம் வேலைக்கு அனுப்பும் உரிமையாளர், ஆண்டுதோறும் நகர நிர்வாகத்துக்குக் கட்டணம் செலுத்தி வில்லை வாங்க வேண்டும். வேலையாள், சுமைதூக்கி, மீனவர், பழ வியாபாரி, கைவினைஞர் என்று தொழிலைப் பொறித்துக் கொடுத்தார்கள். தொழிலுக்கு ஏற்பக் கட்டணமும் மாறியது. வில்லை இல்லாமல் பிடிபட்டால் தண்டனை உண்டு.

யாருக்கு என்ன லாபம் என்று பாருங்கள். கூலி உரிமையாளருக்கு, கட்டணம் நகரத்துக்கு, மலிவான உழைப்பு வாடகைக்கு எடுத்தவருக்கு. உழைத்தவருக்குக் கிடைத்தது கழுத்தில் ஒரு எண். வில்லை இல்லாத ஊர்களிலும் இந்த வாடகை முறை இருந்தது. பால்டிமோர் கப்பல் துறையில் உழைத்த பிரெடரிக் டக்ளஸ், வாரக் கூலியை அப்படியே உரிமையாளர் கையில் வைக்க வேண்டியிருந்ததை 1845இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆறு டாலர் கொண்டுபோய்க் கொடுத்தால், சில நேரம் ஆறு சென்ட் திரும்பக் கிடைக்குமாம்.

தொழிலைப் பொறித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அடிமைகளைக் குறைந்த கூலிக்கு வாடகைக்கு விடுவதால் தங்கள் பிழைப்பு கெடுகிறது என்று வெள்ளைத் தொழிலாளர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களின் கோபம் கூலியைப் பிடுங்கிய உரிமையாளர் மீது முழுவதுமாகத் திரும்பவில்லை. பக்கத்தில் நின்று உழைத்த கறுப்பினத்தவர் மீது திரும்பியது. உழைப்பாளர்களையே மேல் கீழாகப் பிரித்துவைப்பது எப்படி வேலை செய்கிறது என்பது நமக்குப் புதிய பாடமில்லை.

இன்று இந்த வில்லைகள் ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. அதனால் போலிகளும் செய்யப்படுகின்றன. சேகரிப்பாளர்கள் உலோகத்தின் தடிமனையும் எழுத்தின் வார்ப்பையும் ஆராய்கிறார்கள். ஆனால் அசல் வில்லையிலும் இல்லாத ஒன்று, அணிந்தவரின் பெயர். எந்த எண் யாருக்குரியது என்று சொல்லும் பதிவேடு கிடைக்கவில்லை. 731 ஆணா பெண்ணா என்றுகூடத் தகடு சொல்லாது. அந்த அடுப்படி ஒன்றுதான் நமக்குக் கிடைத்த தடயம்.

அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் நிலைக்கும் தீண்டத்தகாதவர்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையை அதில் சுட்டினார். அடிமைமுறையும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் மனித உடம்பின் மேலேயே தாழ்வை எழுதிவைக்கும் வழக்கம் இரண்டிலும் உண்டு. திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் பொன் அணியக் கூடாது, கல்மாலைதான் அணிய வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். 1915இல் கொல்லத்தில், அய்யன்காளி நடத்திய போராட்டத்தில், அந்தப் பெண்கள் கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். நாளை அங்கே மண்ணைத் தோண்டுகிறவர் கையில் ஒரு கல்மணி கிடைத்தால், அது வெறும் ஆபரணமில்லை என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊர்களிலும் பண்ணையார் வீடுகள் இடிக்கப்படுகின்றன. கூலி அளந்த மரக்கால், படி, சங்கிலி, பூட்டு எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துவையுங்கள், படம் எடுங்கள். பிறகு சேரியில் இருக்கும் மூத்தவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இது என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். இதை வைத்து அளந்தது யார், அளந்து வாங்கியது யார், அவர்கள் பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 731க்கு இல்லாமல் போன பதிவேட்டை நம் ஊரிலாவது நாம் எழுதிவைப்போம்.