தே லா கார்டி குடும்பம்

சுவீடனில் கவுன்ட் பட்டம் பெற்ற குடும்பங்களின் பதிவேட்டில் மூன்றாம் இடம் தே லா கார்டிக்கு உரியது. குடும்பத்தின் பூர்விகம் தெற்குப் பிரான்சின் லாங்டாக். அங்கே கோன் என்னும் ஊரில், ஒரு வணிகரின் மகனாக 1520 அளவில் பிறந்தவர் போன்ட்டுஸ். ஊருக்கு அருகிலிருந்த பண்ணை ஒன்றின் பெயர்தான் பின்னாளில் குடும்பப் பெயராயிற்று. பழம்பெரும் பிரெஞ்சுப் பிரபு வம்சம் என்ற பெருமை பிறகு ஒட்டவைத்துக்கொண்டது.

கூலிப்படை வீரரான போன்ட்டுஸ், டென்மார்க்குக்காகப் போரிட்டபோது 1565இல் சுவீடன் படையிடம் சிறைபட்டார். சிறைப்பிடித்தவர்களிடமே பணிக்குச் சேர்ந்தார். 1568இல் மன்னர் பதினான்காம் எரிக்கை வீழ்த்த அவருடைய தம்பி யோஹானுக்குத் துணைநின்றார். அரியணை ஏறிய யோஹான், மணவுறவுக்கு வெளியே பிறந்த தம் மகள் சோபியாவை 1580இல் போன்ட்டுஸுக்கு மணமுடித்தார். மறு ஆண்டே நார்வா நகரைக் கைப்பற்றிய போன்ட்டுஸ், 1585இல் அந்த நார்வா ஆற்றிலேயே மூழ்கி இறந்தார். தாலின் பேராலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

பிரசவத்தில் தாயை இழந்து, இரண்டு வயதில் தந்தையையும் இழந்த மகன் யாக்கோப், 1610இல் மாஸ்கோவுக்குள் படையுடன் நுழைந்தார். மறு ஆண்டு நொவ்கொரோதைப் பிடித்தார். கவுன்ட் பட்டம் 1615இல் இவருக்கே வழங்கப்பட்டது. இவர் மணந்த எப்பா பிராகே, மன்னர் குஸ்தாவ் அடால்ப் இளமையில் காதலித்த பெண்.

இவர்களின் மகன் மாக்னுஸ் காப்ரியேல் (1622–1686) காலத்தில் குடும்பம் உச்சியைத் தொட்டது. அரசி கிறிஸ்டினாவின் அத்தை மகளை மணந்த அவர், 1660இல் நாட்டின் சான்சலர் ஆனார். மாளிகைகள் கட்டினார், கலைஞர்களை ஆதரித்தார். அவர் செய்தவற்றுள் தலையாயது வேறொன்று. பிராகாவிலிருந்து 1648இல் சூறையாடப்பட்டு ஹாலந்து போய்ச் சேர்ந்த ஆறாம் நூற்றாண்டு நற்செய்திச் சுவடியை விலைகொடுத்து மீட்டு, வெள்ளி அட்டை பூட்டி, 1669இல் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். ஊதாத் தோலில் வெள்ளி, பொன் மையால் எழுதப்பட்ட அந்த ‘வெள்ளி விவிலியம்’ இல்லையென்றால், வழக்கொழிந்த காத்திக் மொழியைப் பற்றி நம் அறிவு மிகவும் குறுகிப்போயிருக்கும்.

பிரபுக்களுக்குச் சென்ற அரச நிலங்களை 1680 முதல் மன்னர் பதினோராம் கார்ல் திரும்பப் பறித்தபோது, மிகப் பெரிய இழப்பு மாக்னுஸ் காப்ரியேலுக்கே. பெரும்பாலான சொத்துகளை இழந்து வென்கார்ன் மாளிகையில் இறந்தார்.

அதன் பிறகு இக்குடும்பத்தின் பெயர் அறிவுத்துறையிலும் தென்படுகிறது. உருளைக்கிழங்கிலிருந்து மாவும் சாராயமும் எடுக்கும் முறையை ஆராய்ந்த ஏவா ஏக்கப்ளாத் இக்குடும்பத்தில் பிறந்தவர். 1748இல் சுவீடன் அறிவியல் கழகத்துக்குத் தேர்வான முதல் பெண். யாக்கோப் குஸ்தாவ் (1768–1842) லோபெரோட் மாளிகையில் திரட்டிய ஆவணங்கள் லுண்ட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன.