அரசியர் அணிகலன்களும் கல்லெழுத்துக் கணக்கும்

பெண்டிர் அணியும் பொன்னும் மணியும் அழகுக்கு மட்டுமே உரியன என்று கருதுவது பிழை. அவை குலத்தையும் உரிமையையும் நம்பிக்கையையும் சொல்லாமற் சொல்லும் மொழியாகும். அரச குலப் பெண்டிரிடம் அம்மொழி இன்னும் தெளிவாக ஒலிக்கிறது. எனினும் எல்லா நாட்டிலும் அது ஒன்றையே பேசியதில்லை. இதற்கு எகிப்தும் தஞ்சையும் தக்க சான்றுகள்.

பண்டை எகிப்தில் பட்டத்தரசியின் முடியில் கழுகு சிறகு விரித்திருக்கும். நெற்றியில் நாகம் படமெடுத்து நிற்கும். இரண்டும் காவல் தெய்வங்களின் உருவங்கள். பொன்னைத் தேவர்களின் உடல் என்றே எகிப்தியர் கருதினர். அரசி ஆஹோதெப்பின் கல்லறை 1859இல் கண்டறியப்பட்டபோது, பொன்னால் செய்த மூன்று பெரிய ஈக்கள் கோத்த சங்கிலி ஒன்று கிடைத்தது. விரட்ட விரட்ட மீண்டும் வந்து மொய்க்கும் ஈ, போர்க்களத்தில் பின்வாங்காத வீரத்தின் அடையாளம் என்பர். படையை ஒன்றுதிரட்டி நாட்டைக் காத்தவள் என்று கர்நாக் கல்வெட்டு அவளைப் போற்றுகிறது. அணிந்தவளின் பெருமையைக் காட்டிய அப்பொன், மறுமையிலும் அவளைக் காக்கும் என்ற நம்பிக்கையோடு அவளுடனேயே புதைக்கப்பட்டது.

இனித் தஞ்சைக்கு வருவோம். முதலாம் இராசராசன் (985–1014) தான் கொடுத்தவற்றோடு, தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் பெரிய கோயிலின் விமானத்தில் கல்லிலே வெட்டுமாறு ஆணையிட்டான். தமக்கையாவார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகிய குந்தவைப் பிராட்டியார். அவர் உமாபரமேசுவரித் திருமேனிகளை எழுந்தருளுவித்து, அவற்றுக்கு அணிகலன்களை அளித்தார். பட்டம், ஏகவல்லி, தாலி, வளை, மோதிரம், பாதசாயலம் என அப்பட்டியல் நீள்கிறது. அரண்மனைப் பெண்ணுக்குரிய அணிகள் இறைவிக்கு உரியனவாயின. தம் தந்தைக்கும் தாய்க்கும் அவர் அக்கோயிலில் திருமேனிகள் அமைத்தார் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும்.

பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் இழைத்த அணிகளைத் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்தனர். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறை சொல்லப்படுகிறது. இருபது மஞ்சாடி கொண்டது ஒரு கழஞ்சு. மஞ்சாடியில் பாதி குன்றி. முத்துகள் வட்டம், சப்பட்டை, இரட்டை எனத் தரம் பிரித்து எண்ணப்பட்டுள்ளன. வயிரத்திலிருந்த பொரிவும் முரிவும், செம்புள்ளியும் கரும்புள்ளியும் கூட மறைக்கப்படவில்லை. அரக்கின் எடையும் கணக்கில் வருகிறது. அரசியின் கொடையாயிற்றே என்று குறையை மூடாத இந்நேர்மையே அப்பட்டியலின் பேரழகு எனலாம். கொடுத்த பொருள் இனிக் கொடுத்தவருக்கு உரியதன்று. பொதுவில் கணக்குக் காட்டப்பட வேண்டியது என்பதே அதன் உட்பொருள்.

எகிப்திய அரசியின் பொன் மண்ணுள் மறைந்து, பின் அருங்காட்சியகம் சேர்ந்தது. குந்தவையார் அளித்த அணிகளோ இன்று நம் கண்முன் இல்லை. ஆயினும் கல்லெழுத்து நிற்கிறது. 1891 முதல் அது தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அச்சேறியதால், கற்றோர் எவரும் அதைப் படிக்க முடிகிறது. அங்கே பொருள் எஞ்சியது. இங்கே கொடையும் கணக்கும் எஞ்சின.

அணிந்தோரையும் அளித்தோரையும் பேசும் வரலாறு, செய்தோரை மறக்கலாகாது. தஞ்சைக் கோயிற் பணியாளர் பட்டியலில் இரத்தினத் தையான் என்னும் மணித்தொழிலாளிக்கும் இடமுண்டு. நம் கொங்கு நாட்டிலோ, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நொய்யற்கரைக் கொடுமணலில் மணி செய்வோர் பலர் வாழ்ந்தனர். காங்கயத்தை அடுத்த படியூர் பச்சைக்கல்லுக்குப் பேர்பெற்றது. 1985 முதல் நிகழ்ந்த கொடுமணல் அகழாய்வுகளில் பட்டை தீட்டி முடித்த மணிகளோடு, பாதியில் நின்ற மணிகளும் கிடைத்தன. எந்த அரசியின் கழுத்தையும் சேராத அந்த முற்றுப்பெறா மணிகளே, செய்த கைகள் நமக்கு விட்டுச்சென்ற கல்வெட்டு.